கானாடுகாத்தானில் ஒன்பது பூட்டுகள்

செட்டிநாட்டில் பூட்டிக்கிடக்கும் பழைய வீடுகளைப் படம் எடுக்கப் போயிருந்தேன். முதலில் ஆட்டோ கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது. காரைக்குடியிலிருந்து கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் போய்த் திரும்ப 1,200 ரூபாய் என்று பேசி ஏறினேன். பள்ளத்தூரில் ட்ரைபாடை விரித்ததும் "வெயிட்டிங் தனி சார்" என்று ஆரம்பித்தவர், இறக்கிவிடும்போது 1,900 வாங்கிக்கொண்டுதான் போனார். இத்தனைக்கும் கானாடுகாத்தான் 15 கிலோமீட்டர்தான், பஸ் இருக்கிறது. பஸ்ஸில் போங்கள்.

கானாடுகாத்தானில் எல்லோரும் படம் எடுக்கும் அரண்மனை வாசலில் எனக்கு வேலை இல்லை. இரண்டு தெரு தள்ளினால் போதும், பூட்டிக்கிடக்கும் செட்டியார் வீடுகள்தான். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், அவ்வளவு நீளம். ஒன்றின் திண்ணையில் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு ஆச்சி வந்து நின்றார்.

"எந்த ஊரு தம்பி? தூணுக்கு வெல பேச வந்தீகளா?"

கேமராவில் இருந்த படங்களைக் காட்டியபிறகுதான் நம்பினார், சாவியும் எடுத்து வந்தார். "வளவு வரைக்கும் போங்க, மாடிக்கு மட்டும் ஏறிராதீக, மரம் உளுத்துப்போச்சு."

உள்ளே முகப்பைத் தாண்டினால் இருட்டு, அப்புறம் சட்டென்று வளவில், அதாவது நடு முற்றத்தில், வெயில். புறா எச்சம், உடைந்த ஓடு, முற்றத்துக் கல்லிடுக்கில் முழங்கால் உயரப் புல். ஆனால் முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுண்ணாம்புச் சுவர், மழைநீர் இறங்காத இடத்தில், இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கிறது, கையை அருகில் கொண்டுபோனால் பிம்பம் தெரிகிறது. வளவைச் சுற்றி ஒன்பது கதவு, ஒவ்வொன்றும் ஒரு புள்ளியின் (கல்யாணமான ஒரு மகனின் குடும்பம்) பங்கு. எட்டுப் பூட்டு துருவேறிக் கிடக்க, ஒன்றில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு.

"அவுக மட்டும் படைப்புக்கு வருவாக" என்றார் ஆச்சி. படைப்பு என்றால் முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது.

பர்மா தேக்கும் பர்மா பணமும் கட்டிய வீடுகள் இவை. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் பலருக்குத் தொழிலே போனது. அதன்பிறகு பங்கு பிரிந்து பிரிந்து, ஒரு ஓடு மாற்றவே சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்களைக் கேட்க வேண்டிய நிலை. இதைத் தெரிந்துகொள்ளாமல் 'பேய் பங்களா' என்று தலைப்புப் போட்டு வீடியோ விடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

படம் எடுப்பவர்களுக்கு: உச்சிவெயிலில் முற்றம் வெளுத்துவிடும், தாழ்வாரம் கருத்துவிடும். ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். நான் பதினொன்றுக்குப் போய், ஒரே இடத்தை மூன்று வெளிச்ச அளவில் எடுத்து ஒட்டவைக்க வேண்டியதாயிற்று. வேறென்ன குறிப்பு சொல்ல நினைத்தேன்? சாயங்காலம் காரைக்குடியில் தின்ற வெள்ளைப் பணியாரத்தில் எல்லாம் மறந்துபோனது. ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் பஞ்சு, தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சட்னி. நான்கு என்று ஆரம்பித்து பதினொன்றில் நிறுத்தினேன்.

ரயிலுக்கு முன் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கும் ஒரு நடை போனேன். பழஞ்சாமான் கடைகள். பீங்கான் ஜாடிகளுக்குப் பின்னால் ஒரு நிலைக்கதவு சாய்ந்திருந்தது, கொண்டியில் பூட்டு தொங்கியபடியே. கேமராவைத் தூக்கினேன். "படம் எடுத்தா 50 ரூவா" என்றார் கடைக்காரர். பையில் கையை விட்டுப் பார்த்தேன், ஆட்டோக்காரர் விட்டுவைத்தது ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் காணும். கேமராவை மூடி வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.