சிகாகோ புறநகரில் கார் சார்ஜருக்குப் பெர்மிட் வாங்கியது

எலக்ட்ரிக் கார் வாங்கியதுமே நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சான் போன் போட்டு, "கராஜ்ல சார்ஜர் மாட்ட எலக்ட்ரீஷியன் எல்லாம் எதுக்கு, பெர்மிட் போட்டு நானேதான் வயர் இழுத்தேன்" என்று பொருள் பட்டியலையும் அனுப்பிவிட்டான். 6 கேஜ் தடிமனில் ரோமெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் உறை கேபிள், 50 ஆம்ப் பிரேக்கர். அவன் ஊருக்கு அது சரி. சிகாகோ பக்கம் பட்டியலின் முதல் வரியே செல்லாது.

என்இசி என்கிற மின் விதிப் புத்தகத்தை என்எஃப்பிஏ என்கிற தீத் தடுப்புச் சங்கம் மூன்று வருடத்துக்கு ஒரு முறை வெளியிடுகிறது. ஆனால் அது தானாகச் சட்டம் ஆகிவிடாது, யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும். நியூ ஜெர்சியில் மாநிலம் ஏற்றுக்கொண்டால் எல்லா ஊருக்கும் அதுதான், பெர்மிட் தருவதும் வந்து பார்ப்பதும் மட்டுமே ஊர் ஆபீஸ் வேலை. அரிசோனா, மிசௌரியில் மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி என்று கிடையாது. இல்லினாயிலும் பெரும்பாலும் ஊர்கள் தங்கள் இஷ்டத்துக்குத்தான் பதிப்பைத் தேர்ந்தெடுத்து வந்திருக்கின்றன.

அதனால் பொருள் எதுவும் வாங்கும் முன் வில்லேஜ் ஆபீஸுக்கு போன் செய்து எந்த வருடப் பதிப்பு என்று கேட்டேன். "2017, அப்புறம் எங்கள் திருத்தங்கள்" என்றார் அந்த அம்மா. அந்தத் திருத்தங்களில்தான் விஷயமே இருக்கிறது: வீட்டுக்குள்ளும் ரோமெக்ஸ் கூடாது, எல்லா வயரும் இஎம்டி என்கிற இரும்புக் குழாய்க்குள்தான் போக வேண்டும். சிகாகோ நகரத்தின் பழைய வழக்கம், சுற்றியுள்ள பல ஊர்களும் பிடித்துக்கொண்டன. சிகாகோவை எரித்த 1871 தீ விபத்தைக் காரணம் சொல்பவர்களும் உண்டு, எலக்ட்ரீஷியன்களின் யூனியன்தான் என்பவர்களும் உண்டு.

சாலைக்கு அந்தப் பக்கம் வேறு ஊர், அங்கே 2020 பதிப்பு. கராஜில் வெல்டிங் மிஷினுக்கு 240 வோல்ட் சாக்கெட் வைத்தால் அவர்களுக்கு ஜிஎஃப்சிஐ, அதாவது மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் பாதுகாப்பு, கட்டாயம். 2017-இல் அந்தப் பொது விதி 125 வோல்ட்டோடு நின்றுவிடும். சார்ஜர் சாக்கெட்டுக்குத் தனி விதி இருப்பதால் நான் அந்த வம்பே வேண்டாம் என்று வயரை நேராகச் சார்ஜருக்குள் இணைக்கச் சொல்லிவிட்டேன்.

குழாய் வளைக்கிற வேலை எனக்கு வராது, எலக்ட்ரீஷியனைத்தான் பிடித்தேன். இல்லினாயில் எலக்ட்ரீஷியனுக்கு மாநில லைசென்ஸ் கிடையாது. பக்கத்து ஊர்க்காரரான அவர் எங்கள் ஊரில் தனியாகப் பதிவு செய்து கட்டணம் கட்டிய பிறகுதான் பெர்மிட்டே கையில் வந்தது. விண்ணப்பத்தோடு பேனல் என்கிற பிரேக்கர் பெட்டியின் லோடு கணக்கு, குழாய் போகும் பாதையின் கைப்படம், சார்ஜரின் விவரத்தாள் மூன்றும் கொடுத்தோம்.

இன்ஸ்பெக்டர் சார்ஜரைப் பார்ப்பதற்கு முன் குழாயைத்தான் பார்த்தார். பெட்டியிலிருந்து 3 அடிக்குள் ஒரு பிடிப்பு, பிறகு 10 அடிக்கு ஒன்று, வளைவுகளின் கூட்டல் 360 டிகிரியைத் தாண்டாமல் இருக்கிறதா என்று. பேனலைத் திறந்து பிரேக்கரைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

குழாயால் கூலி கூடியது உண்மைதான். ஆனால் ஒரு லாபமும் உண்டு. ரோமெக்ஸ் என்றால் 6 கேஜ் செம்புக்கு 55 ஆம்ப்தான் கணக்கு; அதே 6 கேஜ் செம்பு, குழாய்க்குள் தனித்தனி வயராகப் போனால் 65. சார்ஜர் மணிக்கணக்கில் இழுப்பதால் லைன் கால் பங்கு கூடுதலாக இருக்க வேண்டும்; 48 ஆம்புக்கு 60 ஆம்ப் லைன், ரோமெக்ஸில் அது தேறாது. மச்சான் வீட்டில் 40 ஆம்ப், இங்கே 48. அதைச் சொன்னதிலிருந்து பட்டியல் எதுவும் அனுப்புவதில்லை.