யு1 ரயில் தடத்தில் ஃபிலிப் லாம்

மியூனிக் போகும் கால்பந்துப் பைத்தியங்கள் பெரும்பாலும் இறங்கியதும் பயர்ன் மியூனிக் கிளப்பின் மைதானமான அலையன்ஸ் அரீனாவுக்குத்தான் ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். முதலில் ஒரு முழுநாள் டிக்கெட் எடுத்துக்கொண்டு யு1 சுரங்க ரயிலில் ஏறுங்கள். 2014இல் ஜெர்மனிக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்த கேப்டன் ஃபிலிப் லாம் வளர்ந்ததும் ஆடத் தொடங்கியதும் பெரும்பாலும் இந்த ஒரே தடத்தை ஒட்டித்தான். ஸ்டேஷனில் தடுப்புக் கதவே கிடையாது, நம்மை நம்பி உள்ளே விடுகிறார்கள். ஆனால் பரிசோதகர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது, டிக்கெட்டில் முத்திரை குத்த மறக்காதீர்கள்.

நான் இறங்கியது கெர்ன். தோட்டம் வைத்த பழைய வீடுகள், பக்கத்திலேயே நிம்ஃபன்பர்க் அரண்மனைக்குப் போகும் கால்வாய், அமைதியான பகுதி. லாம் 1983இல் மியூனிக்கில் பிறந்தவர். இங்கே இருக்கும் எஃப்.டி. கெர்ன் என்ற சின்ன கிளப்பில்தான் பந்தை உதைக்கத் தொடங்கினார். அவருடைய அப்பாவும் அங்கேதான் ஆடினார். அம்மா சிறுவர் அணிகளைக் கவனித்துக்கொண்டார். நான் போன நேரம் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பத்துப் பேரும் பந்தின் பின்னாலேயே ஓட, ஒரு பொடியன் மட்டும் பின்னால் நின்று, பந்து எங்கே வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். பயிற்சியாளர் அவனைத்தான் அதிகம் பாராட்டினார்.

லாமின் ஆட்டமும் அந்த ரகம்தான். உயரம் 170 சென்டிமீட்டர். தடுப்பாட்டக்காரர் என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் ஆஜானுபாகு உருவம் இல்லை. பயர்னுக்காக 500க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியும் ஒரு தடவைகூட சிவப்பு அட்டை வாங்கியதில்லை. எதிராளி வருவதற்கு முன்பே சரியான இடத்தில் போய் நின்றுவிடுகிறவனுக்குக் காலை வாரிவிட வேண்டிய அவசியம் என்ன?

கெர்னிலிருந்து ஒலிம்பிக் பூங்காவுக்கு நடந்தே போய்விடலாம். 1972 ஒலிம்பிக்ஸுக்குக் கட்டிய மைதானத்தின் அக்ரிலிக் கண்ணாடிக் கூடாரக் கூரை தூரத்திலிருந்தே தெரிகிறது. பயர்ன் 2005 வரை ஆடியது இங்கேதான். 1995இல் பயர்னின் சிறுவர் அணியில் சேர்ந்த லாம், இந்த மைதானத்தில் பந்து பொறுக்கிப் போடும் பையனாகவும் நின்றிருக்கிறார்.

மறுபடி யு1, இந்த முறை தெற்கே. கான்டிட்பிளாட்ஸ் ஸ்டேஷனின் தூண்கள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை வானவில் போல நிறம் மாறிக்கொண்டே போகின்றன. அடுத்த ஸ்டேஷன் வெட்டர்ஸ்டைன்பிளாட்ஸில் இறங்கினால் கிரன்வால்டர் மைதானம். பயர்னின் இரண்டாம் அணிக்கு இங்கே ஆடிய லாமை, பயிற்சியாளர் ஹெர்மான் கெர்லாண்ட் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார். ஆனால் பெரிய அணியின் தடுப்பில் வலது ஓரத்தில் சன்யோல், இடது ஓரத்தில் லிசராசு. எங்கே இடம்? 2003இல் ஸ்டுட்கார்ட் கிளப்புக்கு இரண்டு வருடம் இரவல் ஆட்டக்காரராகப் போனார். வலது கால்காரரை அங்கே லெஃப்ட் பேக்காக, அதாவது இடது ஓரத் தடுப்பாட்டக்காரராக, நிறுத்தினார்கள். கிளப் வாழ்க்கையில் அவர் மியூனிக்கை விட்டு வெளியே ஆடியது அந்த இரண்டு சீசன் மட்டும்தான்.

இதன் பலன் 2006 ஜூன் 9 அன்று தெரிந்தது. உலகக் கோப்பையின் முதல் ஆட்டம், எதிரே கோஸ்டா ரிகா. இடது முழங்கை காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடிய லாம், ஆறாவது நிமிடத்தில் இடது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி, வலது காலால் அடித்தார் பாருங்கள், பந்து எதிர்க் கம்பத்தின் மேல்மூலையில் போய் விழுந்தது! இடது கால்காரர் அந்த இடத்தில் நின்றிருந்தால் ஓரமாக ஓடிப்போய் பந்தைத் தூக்கிப் போட்டிருப்பார், அவ்வளவுதான். நாட்டுக்காக 113 ஆட்டங்களில் லாம் அடித்தது மொத்தம் ஐந்தே கோல். எனக்குப் பிடித்தது இதுதான்.

அந்த கோல் விழுந்த இடம் அலையன்ஸ் அரீனா. யு1இல் திரும்பி வந்து, செண்ட்லிங்கர் டோர் ஸ்டேஷனில் யு6 தடத்துக்கு மாறி ஃப்ரோட்மானிங்கில் இறங்க வேண்டும். உள்ளே இருக்கும் பயர்ன் அருங்காட்சியகத்தில் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக்கில் 2013இல் வென்ற கோப்பையின் முன்னால் எப்போதும் கூட்டம். அதற்கு முந்தைய வருடம் இதே மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் செல்சியிடம் பெனால்டியில் தோற்றார்களே, அதையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால்தான் அந்தக் கோப்பையின் அருமை புரியும். இரண்டு இறுதி ஆட்டத்துக்கும் கேப்டன் லாம்தான்.

உலகக் கோப்பையைத் தூக்கிய சில நாட்களிலேயே, 30 வயதில், தேசிய அணிக்குப் போதும் என்றார். பயர்னிலும் ஒப்பந்தம் 2018 வரை இருக்க, 2017 மே மாதமே விடைபெற்றுவிட்டார். அவர் கடைசியாக ஆடிய ஆட்டமும் இந்த அரீனாவில்தான், ஃப்ரைபுர்க்குக்கு எதிராக. நீங்கள் போவதானால் மாட்ச் இல்லாத நாளாகப் பாருங்கள், இல்லாவிட்டால் யு6இல் நிற்கக்கூட இடம் கிடைக்காது.