சியராவப் பிரிச்சு கட்டின கிட் காருக்கு 'ஈ' பிளேட் வாங்கின கதை

போன வாரம் தபால்ல வி5சி, அதாவது காரோட ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பர், வந்துச்சு. கிச்சன்ல நின்னுக்கிட்டே கவரப் பிரிச்சேன், நம்பர் 'ஈ' எழுத்துல ஆரம்பிக்குது, 'க்யூ' இல்ல. மூணு வருஷமா கராஜ்ல கட்டின காருக்கு இந்த ஒரு எழுத்து வேணும்னுதான் அவ்ளோ பாடு. இங்க இங்கிலாந்துல கிட் கார் (பார்ட்ஸா வாங்கி நாமளே கட்டற கார்) கட்டலாம்னு நெனைக்கிற நம்மாளுங்க ரெண்டு மூணு பேரு எப்படி வாங்கினீங்கன்னு கேட்டாங்க, அதான் நடந்தத அப்படியே எழுதறேன்.

கார் லோட்டஸ் செவன் மாதிரி, ரெண்டு சீட்டு, கூரை கெடையாது. 1957-ல அந்த செவன் வந்தப்போ நெறைய பேரு கிட்டாத்தான் வாங்கினாங்க, பார்ட்ஸா வாங்கி வீட்ல கட்டிக்கிட்டா பர்ச்சேஸ் டாக்ஸ் கட்ட வேணாம். 1973-ல வாட் வந்ததும் அந்த லாபம் போச்சு, ஆனாலும் கட்டறவங்க இன்னிக்கு வரைக்கும் கட்டிக்கிட்டுதான் இருக்காங்க. என்னோடதுல சேசிஸும் பாடியும் கிட் கம்பெனில வாங்கின புதுசு. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் வீலுங்களுக்கு சக்திய பிரிச்சுக் குடுக்கற டிஃப், டிரைவ்ஷாஃப்ட் எல்லாம் 1987 ஃபோர்டு சியரா ஒண்ணுலேர்ந்து எடுத்தது.

பிளேட் கணக்கு இதுதான். எல்லாமே புதுசா வாங்கி, ஒண்ணே ஒண்ணு மட்டும் ரீகண்டிஷன் பண்ணதுன்னா இந்த வருஷத்து நம்பரே கெடைக்கும். புது சேசிஸ் போட்டு, பழைய ஒரே வண்டிலேர்ந்து ரெண்டு முக்கியமான ஐட்டம் வந்திருந்தா அந்த வண்டியோட வயசுக்கு ஏத்த நம்பர், என் சியராவுக்கு அதுதான் 'ஈ'. இதுல எதுலயும் சேரல, இல்ல எது எங்கேர்ந்து வந்துச்சுன்னு காட்ட முடியலன்னா 'க்யூ'. க்யூல ஓட்டறதுல தப்பே இல்ல, ஆனா அதுக்கு மேல ஃபேன்சி நம்பர் மாத்திக்க முடியாது, விக்கும்போதும் வாங்கறவங்க ஒரு தடவ யோசிப்பாங்க. எனக்கு அதெல்லாம் ரெண்டாவதுதான். அந்த சியராவ ஒவ்வொரு போல்ட்டா நானே பிரிச்சேன், அதோட வயசு இந்த கார் மேல இருக்கணும்னு ஆசை.

அதனால ஸ்பேனர எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஃபைல் போடுங்க, இத நான் ரொம்ப அழுத்தி சொல்றேன். சியராவோட வி5சி, வாங்கின ரசீது, பிரிக்கறதுக்கு முன்னாடி நம்பர் பிளேட்டும் இன்ஜினும் ஒரே படத்துல தெரியற மாதிரி போட்டோ, இன்ஜின் நம்பர் கிட்டக்க எடுத்த போட்டோ, கிட் பில்லு, அப்புறம் நட்டு போல்ட்டு வரைக்கும் எல்லா பில்லும். வண்டி வித்தவரு சின்ன துண்டுச் சீட்டுல தொகைய மட்டும் எழுதிக் குடுத்தாரு, வீட்டுக்கு வந்தப்புறம்தான் அதுல சேசிஸ் நம்பரே இல்லன்னு பார்த்தேன், மறு வாரம் 40 மைல் திரும்பப் போயி நம்பர் போட்டு எழுதி வாங்கிட்டு வந்தேன்.

அடுத்தது இன்ஜின் வயசு. ஐவிஏ டெஸ்ட்ல (இப்படி கட்டின கார ரோட்ல விடறதுக்கு முன்னாடி பாஸ் பண்ண வேண்டிய சோதனை) புகைக்கு என்ன லிமிட்டுன்னு முடிவு பண்றது கார் கட்டின வருஷம் இல்ல, இன்ஜின் செஞ்ச தேதி. 1975 ஆகஸ்ட்டுக்கு முந்தின பெட்ரோல் இன்ஜின்னா புகைய கண்ணால பார்த்தா போதும். அதுக்கப்புறம் 1986 ஆகஸ்ட் வரைக்கும் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதத்துக்குள்ள இருக்கணும், 1986 ஆகஸ்ட்டுக்கு அப்புறம்னா 3.5, ஹைட்ரோகார்பன் ரெண்டுக்கும் 1200 பிபிஎம். தொண்ணூறுகள்ல வந்த இன்ஜின்னா புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், காத்து-பெட்ரோல் கலவை அளவ காட்டற லாம்டான்னு கதையே வேற. வயசுக்கு ஆதாரம் இல்லன்னா புது இன்ஜினோட லிமிட்லயே பார்ப்பாங்க, கார்புரேட்டர் வண்டி அதுல தேறவே தேறாது. அதனால இன்ஜின் நம்பர அனுப்பி, அது எப்ப செஞ்சதுன்னு லெட்டர் வாங்கி ஃபைல்ல வெச்சேன். என்னோடதுக்கு 3.5.

டெஸ்ட்டுக்கு ரெண்டு வாரம் முன்னாடி பக்கத்துல ஒரு கராஜுக்கு ட்ரெய்லர்ல கொண்டு போனேன். ஆயில் நல்லா சூடாகற வரைக்கும் ஓட விட்டுட்டு, புகைய அளக்கற ப்ரோப சைலன்சர் குழாய்க்குள்ள நுழைச்சாங்க, மெஷின்ல கார்பன் மோனாக்சைடு 5.4. எனக்கு வயித்த கலக்கிடுச்சு. அங்க இருந்த வயசானவரு பதறவே இல்ல, சின்ன ஸ்க்ரூடிரைவர எங்கிட்ட குடுத்து நீயே திருப்புன்னாரு. கார்புரேட்டர் அடில இருக்கற மிக்ஸ்சர் ஸ்க்ரூவ உள்பக்கமா கால் சுத்து திருப்பிட்டு, மெஷின் நெதானமாகற வரைக்கும் மூச்ச புடிச்சு நின்னேன், 4.6. இன்னொரு கால் சுத்துக்கு 3.1. அதுக்கப்புறம் இன்ஜின் திக்க ஆரம்பிச்சுது, ஐடில் வேகத்த கொஞ்சம் ஏத்தி, மறுபடி ஒரு மயிரிழை திருப்பினதும் 2.4-ல நின்னுச்சு. எக்ஸாஸ்ட் ஜாயின்ட்ல லீக் இருந்தா வெளிக்காத்து கலந்து ரீடிங்க கெடுக்கும், அதையும் பார்த்துக்கோன்னு சொல்லி அனுப்பினாரு, ராத்திரியே கேஸ்கெட் மாத்தினேன்.

டெஸ்ட்டுக்கு நான் கட்டினது 450 பவுண்ட். நம்பர் இல்லாத கார முன்கூட்டியே புக் பண்ண டெஸ்ட்டுக்கு ரோட்ல ஓட்டிட்டுப் போகலாம், சேசிஸ் நம்பர் மேல இன்சூரன்ஸ் போட்டிருக்கணும். நான் மழைக்கு பயந்து ட்ரெய்லர்லயே போனேன். எக்ஸாமினர் ரொம்ப பொறுமையானவரு. 100 மில்லிமீட்டர் உருண்டை ஒண்ண வெச்சு வெளிய எங்கெல்லாம் படுதுன்னு தொட்டுத் தொட்டு பார்க்கறாரு, படற எடத்துல விளிம்பு 2.5 மில்லிமீட்டர் ரேடியஸாவது மழுங்கி இருக்கணும். நட்டுக்கெல்லாம் பிளாஸ்டிக் தொப்பி போட்டிருந்தேன், ஹெட்லைட் பிராக்கெட்டோட கீழ் விளிம்ப மட்டும் விட்டுட்டேன், அவரு வெரலு நேரா அங்கதான் போச்சு. சத்தம் 99 டெசிபல் லிமிட்ல 96, எமிஷன் 2.6. ஸ்பீடோமீட்டர் நெஜ வேகத்த விட கொறச்சு காட்டக்கூடாது, ஜிபிஎஸ் வெச்சு முன்னாடியே சரி பண்ணிருந்ததால அதுவும் பாஸ். கடைசில வட்டமா ஓட்டிட்டு ஸ்டீயரிங்க விட்டாரு, அது தானா நேரா திரும்பணும், என் கார்ல திரும்பல. எடை கம்மியா இருக்கற இந்த மாதிரி கார்ல இது அடிக்கடி வர்ற பிரச்சனை, நான் வீட்லயே பார்த்திருக்கணும். ரெண்டு ஐட்டத்துல ஃபெயில்.

பிராக்கெட்டுக்கு ரப்பர் டிரிம் ஒட்டறது அஞ்சு நிமிஷ வேலை. ஸ்டீயரிங்குக்கு ரெண்டு சனிக்கிழமை போச்சு, காஸ்டர் ஆங்கிள (முன் வீல் திரும்பற அச்சோட சாய்வு) கூட்டி, முன் வீல கொஞ்சம் வெளிப்பக்கமா பார்க்கற மாதிரி வெச்சு, காலி கார் பார்க்ல திரும்பத் திரும்ப வட்டம் போட்டேன். ரீடெஸ்ட்டுக்கு 90 பவுண்ட், இருவது நிமிஷத்துல முடிஞ்சு அப்ரூவல் சர்டிஃபிகேட் கையில.

அப்புறம் ஸ்வான்சீல இருக்கற டிவிஎல்ஏக்கு (வண்டிகள ரெஜிஸ்டர் பண்ற அரசு ஆபீஸ்) மொத்த பேப்பர் கட்டையும் அனுப்பினேன்: ரெஜிஸ்ட்ரேஷன் கேக்கற வி55/5 ஃபார்ம், எந்த பார்ட் எங்கேர்ந்து வந்துச்சுன்னு எழுதற வி627/1, அப்ரூவல் சர்டிஃபிகேட், சியராவோட வி5சி, ரசீது, போட்டோ, ரெஜிஸ்ட்ரேஷனுக்கு 55 பவுண்ட், கூட டாக்ஸ். அனுப்பறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தாளையும் ஸ்கேன் பண்ணிக்கோங்க, வி627/1-ல எழுதறதும் ரசீதுல இருக்கறதும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகணும்.

வி5சியையும் லைசென்ஸையும் காட்டினாதான் கடையில பிளேட் அடிச்சுத் தருவாங்க, முன்னாடி வெள்ளை, பின்னாடி மஞ்சள், எழுத்து 79 மில்லிமீட்டர் உயரம். பையன் டார்ச் புடிக்க நேத்து ராத்திரி ரெண்டையும் மாட்டினேன். இன்னிக்கு காலைல முதல் வேலையா பெட்ரோல் பங்க். பச்சை பம்ப்ல இப்போ ஈ10 (பத்து சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல்) வருது, இந்த கார்புரேட்டருக்கு அது ஆகாது, சூப்பர் பம்ப்ல எத்தனால் கம்மியா இருக்கற ஈ5 இருவது லிட்டர் போட்டுட்டு, சுத்து வழியாவே வீட்டுக்கு வந்தேன்.