மாராவுக்குப் போகுமுன்

ஏப்ரல் 21
இரவு முழுவதும் மழை. நைரோபியே இப்படியென்றால், நாங்கள் போக நினைக்கும் வனவிலங்குப் பகுதியான மாசாய் மாராவில் கேட்க வேண்டாம். கரிசல் மண்ணில் வண்டிகள் அச்சு வரை புதையும் காலம். தங்குவதற்காக விசாரித்த இரண்டு சுற்றுலா முகாம்களில் தொலைபேசியை எடுக்கவே ஆளில்லை.

ஏப்ரல் 23
அப்பாவுக்கு மூன்றாவது ஊசி. வலது கண். வரும் வழியெல்லாம் பேசவில்லை.

ஏப்ரல் 24
மாராவின் தேசியக் காப்பகம் வேண்டாம். அங்கே மாலையானதும் வண்டிகள் திரும்பிவிட வேண்டும், இறங்கி நடக்கவும் விடமாட்டார்கள். வடக்கிலும் கிழக்கிலும் மாசாய் மக்களின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் கன்சர்வன்சி எனும் வனவிலங்குப் பாதுகாப்பு நிலங்களில் இரவிலும் வண்டியில் போகலாம், வழிகாட்டியோடு நடக்கலாம். எனக்கு அந்த இரவுதான் வேண்டும். "சிங்கத்தைக் காட்டு என்றா கேட்டேன்? அது கத்துவதைக் கேட்டால் போதும்" என்றார் அப்பா. சிங்கத்தின் கர்ஜனை 8 கிலோமீட்டர் வரை கேட்குமாம். இதைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்தார்.

ஏப்ரல் 26
ஏழு முகாம்களுக்கு எழுதினேன். எல்லாரும் படம் அனுப்புகிறார்கள். கட்டிலிலிருந்து தெரியும் காட்சி, குளியல் தொட்டியிலிருந்து தெரியும் காட்சி. ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

ஏப்ரல் 27
ஜெனரேட்டர்.

ஏப்ரல் 28
ஒரு முகாமிலிருந்து பதில் வந்தது. இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்களாம். நல்லது என்று நினைப்பதற்குள் அடுத்த வரி: சமையலுக்காக அதிகாலை நாலரைக்கு மறுபடியும் ஓடும். சிங்கம் கத்துவதே அந்த நேரத்தில்தானே! பட்டியலிலிருந்து அதை அடித்துவிட்டேன். சூரிய மின்சாரம் மட்டும் உள்ளவை மூன்று மிஞ்சியிருக்கின்றன.

மே 1
நபோய்ஷோ கன்சர்வன்சி. 2010இல் 500க்கும் மேற்பட்ட நில உரிமையாளர்கள் சேர்ந்து சுமார் 50,000 ஏக்கரை விட்டுக்கொடுத்து உருவாக்கியது. அவர்கள் மொழியில் அந்தப் பெயருக்கு ஒன்றுசேர்தல் என்று பொருள். முகாம்களின் படுக்கைகளுக்கு வரம்பு உண்டு, அதனால் வண்டிகள் குறைவு, இரைச்சலும் குறைவு. விலையைப் பார்த்தேன். மூடிவைத்துவிட்டேன்.

மே 3
பர்தமத் கன்சர்வன்சி, 2016இல் தொடங்கியது. நபோய்ஷோவுக்குப் பக்கத்திலேயே. நிலம் தனித்தனிப் பட்டாவாகப் பிரிந்ததும் ஆளாளுக்குக் கம்பிவேலி போட்டார்கள். வரிக்குதிரையும் காட்டுமாடும் அதில் சிக்கிச் செத்தன. போட்ட வேலியைத் தாங்களே பிடுங்க முன்வந்த ஊர் இது. நினைக்க நினைக்க மனம் நெகிழ்கிறது. ஆனால் மக்கள் உள்ளேயே குடியிருக்கிறார்கள். பட்டி, நாய், மாட்டு மணி. குறைகள் பக்கத்தில் 'மணிச் சத்தம்' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

மே 4
அடுத்த ஊசி தள்ளிப்போய்விட்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

மே 6
மாராவுக்குப் போகும் வழியிலுள்ள நரோக் ஊரிலிருந்து வந்த ஓட்டுநர் ஒரு கொத்து லெலெஷ்வா இலை கொண்டுவந்தார். மேலே பச்சை, அடியில் சாம்பல் பூசியதுபோல் வெள்ளை. அப்பா ஓர் இலையைக் கட்டைவிரலால் கசக்கி மூக்கருகே கொண்டுபோனார். "கற்பூரம்" என்றார். அந்த மண்ணில் இது புதர் புதராக வளர்கிறது என்று ஓட்டுநர் சொன்னதை மொழிபெயர்த்தேன். பதில் சொல்லாமல் இலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மே 7
துவைக்கப் போட்ட சட்டையில் அந்த இலை இல்லை. தலையணைக்கடியில் இருந்தது.

மே 8
தூங்கவில்லை. அந்த மூன்றாம் ஊசிக்குப் பிறகு ஏதாவது தெரிகிறதா என்று நான் கேட்கவே இல்லை. முகாம்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன்.

மே 9
என் குறிப்புகளை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முள்மரம் ஒன்று அங்கே உண்டு. எறும்புகள் அதன் முடிச்சுகளில் துளையிட, காற்றடித்தால் விசில் போல ஊதும். அதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பர்தமத்தின் குறைகள் வந்தபோது கையை உயர்த்தினார். "மணி கேட்குமா? மாடு அசைபோடும்போது இரவில் விட்டுவிட்டுக் கேட்குமே, அந்த மணியா?" பதினாறு வயது வரை மாட்டுக் கொட்டகைத் திண்ணையில் படுத்தவர். என் அடிக்கோட்டை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மே 10
பர்தமத் முகாமுக்கு இரவு ஒன்பதரைக்கு அழைத்தேன். இப்போது என்ன கேட்கிறது என்று கேட்டேன். அந்த மனிதர் சிரிக்கவில்லை. "ஒரு நிமிடம்" என்று தொலைபேசியோடு வெளியே நடந்தார். அப்பாவின் காதில் வைத்தேன். தவளைகள், கூரையிலிருந்து நீர் சொட்டும் ஓசை, வெகுதூரத்தில் ஏதோ ஒன்று. மணியா என்று கேட்டேன். பேசாதே என்று கை காட்டினார். நான்கு நிமிடம்.

வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும்.

மே 12
மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். நாளை காலை எட்டு மணிக்கு.