எந்தப் பக்கம் இடது?

“லிவரைப் பார்த்துவிட்டாயா, தம்பி?”

“பார்த்துவிட்டேன், அண்ணா.”

பேசியது இவ்வளவுதான். அரை நிமிடத்தில் அவன் மணிக்கட்டு உடைந்தது. இரண்டு வருடமாகியும் இந்த இரண்டு வரி என்னை விடவில்லை.

வண்டி ஃபோர்டு மாடல் டி. 1919க்கு முந்தையது, மின்சார ஸ்டார்ட்டர் இல்லை; ஆகவே முன்னால் ஹேண்டிலைச் சுற்றித்தான் என்ஜினைக் கிளப்ப வேண்டும். கேடிலாக் 1912 மாடலிலேயே மின்சார ஸ்டார்ட்டர் வந்துவிட்டது என்று சொன்னால் இந்த வண்டிக்காரர்கள் ரசிப்பதில்லை.

நான் அவனுக்குச் சொல்லித்தராமல் விட்டுவிடவில்லை. கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றி மடக்காதே, மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வை என்றேன். கீழிருந்து மேலே இழு, மேலிருந்து கீழே அமுக்காதே என்றேன். இடது கையால் இழுக்கச் சொன்னேன்; என்ஜின் பின்னோக்கிச் சுழன்று எதிர்த்து உதைத்தால் அந்தக் கையிலிருந்து ஹேண்டில் விலகிப் போகும், வலது கை என்றால் சுற்றி வந்து அடிக்கும். கைப்பிரேக்கை முழுவதும் பின்னால் இழுத்தான். சுவிட்சைப் போடாமல், காற்றைக் குறைக்கும் சோக்கைப் பிடித்துக்கொண்டு கால் கால் சுற்றாக மூன்று முறை இழுத்தான். எல்லாம் சரியாகத்தான் செய்தான். சுவிட்சைப் போட்டுவிட்டு முன்னால் வந்து நின்றபோதுதான் லிவரைப் பற்றிக் கேட்டேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இரண்டு லிவர்கள் உண்டு. இடது பக்கத்தது பெட்ரோலைப் பற்றவைக்கும் மின்பொறி எப்போது விழ வேண்டும் என்பதற்கு, வலது பக்கத்தது பெட்ரோலின் அளவுக்கு. பொறி லிவர் முழுக்க மேலே இருந்தால் பிஸ்டன் உச்சியைத் தாண்டிய பிறகு பற்றும். கீழே இறங்கியிருந்தால் பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே பற்றி, வந்த வழியே அதைத் திருப்பித் தள்ளும். என்ஜின் முன்னோக்கிச் சுழன்றால் ஹேண்டிலின் பற்கள் தாமாகவே நழுவிக்கொள்ளும். பின்னோக்கிச் சுழன்றால் நழுவாது. கவ்விப் பிடித்து, இழுப்பவன் கையோடு சேர்த்துச் சுற்றும்.

நான் அவனுக்குச் சொல்லியிருந்தது “இடது லிவர் மேலே இருக்க வேண்டும்” என்று. சீட்டில் உட்கார்ந்தால் அது இடது. ஹேண்டிலுக்கு முன்னால் வண்டியைப் பார்த்து நின்றால் அதுவே வலது. அவன் எங்கே நின்று பார்த்தான்? கதவோரமாக நின்றுதான் பார்த்ததாகச் சொன்னான், ஆஸ்பத்திரியில். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது பொறி லிவர் பாதியில் நின்றது. முந்தைய நாள் மாலை வண்டியை நிறுத்தியவன் நான்.

பார்த்தாயா என்று கேட்டால் பார்த்தேன் என்றுதான் பதில் வரும். எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். ஆனால் இருபது வருடமாக இப்படித்தான் கேட்டு வருகிறேன், ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. பிறகு தோன்றுகிறது: இருபது வருடமும் லிவரை மேலே தள்ளிவிட்டு இறங்கியதும் நான்தான்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு முறை இழுத்தும் கிளம்பாததால் மூன்றாவது இழுப்புக்கு அவன் வலது கைக்கு மாறினான். அதை நான் பார்த்தேனா? பார்க்கவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். வண்டிக்காரர் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கவனம் அவர் மேல் இருந்தது. ஆனால் அந்த வலது கையின் முழுக்கைச் சட்டை முழங்கைவரை மடித்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கட்டைவிரல் பக்கத்து எலும்பு முனையில் முறிவு. இதற்கு ‘ஷோஃபர் முறிவு’ என்றே ஒரு பெயர் உண்டு என்றார் டாக்டர். இப்படி ஹேண்டில் உதைத்து ஓட்டுநர்கள் பலருக்கு உடைந்ததால் வந்த பெயராம். கட்டைவிரலை அவன் மடக்கவில்லை. நான் சொன்னதில் அதை மட்டும் கடைசிவரை கடைப்பிடித்தான்.

கட்டுப் பிரித்துவிட்டு வேலைக்கு வந்தான். ஹேண்டில் பக்கம் போவதில்லை, நானும் சொல்வதில்லை. அந்த வாரமே பொறி லிவரின் நுனியில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தேன், எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் தெரியும்படி. வண்டியை எடுத்துப் போக வந்தவர் அதைப் பார்த்ததும் முகம் சுளித்தார். கம்பெனியிலிருந்து வந்தபோது அப்படி இல்லையே என்றார். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து நானே துடைத்துக் கொடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.