கியர்பாக்ஸை இறக்காமலே நின்ற ஒழுகல்

ஒரு மாதமாகவே என் பழைய ஆட்டோமேட்டிக் கார் நிற்கிற இடத்தில் தினமும் காலையில் ஐந்தாறு சொட்டு சிவப்பு எண்ணெய் கிடந்தது. விரலில் தொட்டால் எஞ்சின் ஆயில் மாதிரி கறுப்பும் இல்லை, கூலன்ட் மாதிரி தண்ணியாகவும் இல்லை. கியர்பாக்ஸ் ஆயில்தான், அதாவது ஏடிஎஃப். என் வண்டியில் பவர் ஸ்டீயரிங்குக்கும் அதே சிவப்பு ஆயில் என்பதால் அந்த டப்பாவையும் பார்த்தேன், அளவு குறையவே இல்லை.

ரிவர்ஸ் போட்டால் இரண்டு நொடி கழித்துத்தான் வண்டி அசைந்தது, அதுதான் வயிற்றைக் கலக்கியது. ஆயில் குறைந்தால் உள்ளே அழுத்தம் வராது, கிளட்ச் தட்டுகள் வழுக்கித் தேயும், அப்புறம் செலவு எங்கேயோ போய்விடும்.

மெக்கானிக் "ஆயில் பான் கேஸ்கெட் சார்" என்று, கியர்பாக்ஸின் அடியில் ஆயில் நிற்கும் தட்டின் (பான்) ஓரத்தில் கசியாமல் அடைக்கும் பட்டையை மாற்றிக் கொடுத்தார். நான்காம் நாள் மறுபடி சொட்டு. அடுத்து "முன் சீல் போயிருக்கும், கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார். எனக்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்), எஞ்சின் ஆறிய பிறகு மண்ணெண்ணெயும் பிரஷ்ஷுமாக அடிப்பக்கம் முழுக்கத் தேய்த்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, முகப்பவுடரைத் தூவினேன். பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து டார்ச் அடித்தால் பான் ஓரமெல்லாம் வெள்ளை அப்படியே இருக்கிறது, ஒரே ஒரு மூலையைத் தவிர. அந்த மூலையிலிருந்து சிவப்புக் கோடு ஒன்று, கியர்பாக்ஸ் ஆயிலை ஆறவைக்கக் கொண்டுபோகும் கூலர் குழாய் வழியாக முன்பக்கம் ரேடியேட்டர் வரை போகிறது! அங்கே ரப்பர் ஹோஸ் இரும்புக் குழாயில் ஏறும் இடத்தில் கசிந்த ஆயில், ஓடும்போது காற்று தள்ளத் தள்ளப் பின்னால் வந்து பானில் சொட்டியிருக்கிறது.

ஹோஸைக் கழற்றிப் பார்த்தேன். கிளாம்ப் இறுகியிருந்த இடம் கட்டை மாதிரி விறைத்துப்போய், அமுக்கினால் மயிரிழை வெடிப்புகள் வாய் திறந்தன. ஏடிஎஃப் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்கி, இரண்டு புது கிளாம்ப்புடன் மாட்டினேன். சாதாரண தண்ணீர் ஹோஸ் போடவே கூடாது, ஆயிலில் ஊறி உப்பிவிடும்.

பிறகு சமதரையில், வண்டி நன்றாகச் சூடானதும், எஞ்சின் ஓடும்போதே பிரேக்கை மிதித்துக்கொண்டு எல்லா கியரையும் ஒருமுறை போட்டு, பார்க்கிங்குக்கு வந்து, ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைப் பார்த்தேன். என் வண்டிக்கு இதுதான் முறை. டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டிகளும் உண்டு, உங்கள் கையேட்டைப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன், கூடிப்போனாலும் நுரைத்துக் கெடுக்கும். அரை லிட்டருக்கு மேல் உள்ளே போனது.

இரண்டு வாரமாக அடியில் விரித்த செய்தித்தாள் காய்ந்தே கிடக்கிறது. ரிவர்ஸ் போட்டதும் வண்டி உடனே நகர்கிறது.