காலைக் குளிரில் ஒரு டிக் டிக்

புதிய நாட்டில் வேலை, வீடு, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாக ஒழுங்குக்கு வந்த பிறகு, 2 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய நான்கு சிலிண்டர் கார் ஒன்றை வாங்கினேன். முதல் குளிர்காலத்தில், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சினிலிருந்து ஒரு சத்தம் எழும்; சூடேறிய ஐந்தாறு நிமிடங்களில் அது சுவடில்லாமல் அடங்கிவிடும்.

காரைப் பார்த்த மெக்கானிக், எப்படிப்பட்ட சத்தம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கடகட, படபட, கிரீச் என்று ஒலிக்குறிப்புகள் கொட்டிக்கிடக்கும் மொழியில் வளர்ந்த எனக்கு, அந்த நேரத்தில் வாயில் வந்தது ‘நாக்’ என்ற ஒரே சொல்தான். கதவைத் தட்டுவதற்கும் அதே சொல்தானே என்று நினைத்துவிட்டேன். அவருடைய தொழிலிலோ அது பெரும்பாலும் பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்து எழும் கனத்த இடியைக் குறிக்கும். போதாக்குறைக்கு, அங்கே போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடாகி ஊமையாகியிருந்தது. கேட்காத சத்தத்துக்கு என் சொல்லை மட்டும் நம்பி, எஞ்சினையே மாற்ற வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னதில் அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை.

மாற்றக் கையில் பணம் இல்லாததால் நானே தேட ஆரம்பித்தேன். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு சரியாக இருந்தது. மறுநாள் காலை பானெட்டைத் திறந்து சத்தத்தைக் கைபேசியில் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து ஓடவிட்டு எண்ணினேன். குளிர்ந்த எஞ்சின் அப்போது நிமிடத்துக்கு 1200 சுற்று, அதாவது நொடிக்கு 20 சுற்று ஓடிக்கொண்டிருந்தது. சத்தமோ நொடிக்குப் பத்துதான். ராட் இடிப்பு பெரும்பாலும் ஒவ்வொரு சுற்றிலும் கேட்கும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வருவது வால்வு இயக்கத்தின் கணக்கு, அல்லது ஒரே ஒரு சிலிண்டரின் எரிப்புக் கணக்கு. அந்தப் பத்து என்ற எண்ணைக் கண்டபோது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் முதலியவற்றைச் சுழற்றும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓட்டினேன். சத்தம் மாறவில்லை, ஆகவே அவை எதுவும் காரணமில்லை. பிறகு நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வால்வு மூடியின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதெலும்போடு சேர்த்துக் கேட்டேன். உள்ளே தையல் இயந்திரம் ஓடுவது போன்ற சீரான ஓசை இருந்ததே தவிர, நான் தேடிய ‘டிக்’ இரும்பின் வழியே வரவில்லை. காற்றின் வழியே வரும் சத்தத்தை இரும்பில் தேடியிருக்கிறேன் என்பது புரிய இரண்டு நாள் ஆயிற்று. ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைச் சுழலும் பாகங்களில் படாமல் சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஓரமாக நகர்த்தினேன். கடைசிச் சிலிண்டரருகே குழாய்க்குள் யாரோ விரலைச் சொடுக்குவது போல் கேட்டது. அங்கே டார்ச் அடித்துப் பார்த்தால், இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டின் ஓரத்தில் விசிறி போல் விரிந்த கரிப்படலம். மேனிஃபோல்டை இறுக்கிப் பிடிக்கும் தலையில்லாத போல்ட்டுகளான ஸ்டட்களில் ஓரத்து ஸ்டட் முறிந்திருந்தது.

சூட்டிலும் குளிரிலும் விரிந்து சுருங்கும் மேனிஃபோல்ட் ஓரத்து ஸ்டட்களைத்தான் அதிகம் வதைக்கும். குளிர்ந்திருக்கும்போது இடைவெளி வழியே புகை வெடித்துக் கசியும். உலோகம் சூடாகி விரிந்ததும் இடைவெளி அடைபட்டு ஓசை நின்றுவிடும். ஒவ்வொரு காலையும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு புறப்பட்டதை நினைத்தபோதுதான் வயிறு கலங்கியது. அந்தக் கசிவில் இருந்த கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

இம்முறை காரை முந்தின நாள் மாலையே இன்னொரு பணிமனையில் விட்டு, காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து கேட்கும்படி வேண்டினேன். சொல்லையும் ‘டிக்’ என்று திருத்திக்கொண்டேன். அங்கிருந்த மெக்கானிக், எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டுக்குள் சிக்கியிருந்த முறிந்த துண்டை எடுத்துவிட்டுப் புது ஸ்டட்டும் கேஸ்கெட்டும் போட்டார். நட்டோடு வெளியே தங்கியிருந்த மறுபாதியை என் கையில் கொடுத்தார். முறிந்த முகம் முழுவதும் துருவேறிக் கறுத்திருந்தது; இது முறிந்து நெடுநாள் ஆகியிருக்கும் என்றார். விற்றவர் எனக்கு ஓட்டிக் காட்டிய அன்று, நான் போகும் முன்பே பானெட் சுட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.